படுக்கப் போறப்ப முழுங்குன கேப்ஸ்யூல்

மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, வயசு 46, வீட்டோட சேர்த்து சின்னதா ஒரு மெஸ் நடத்துறாங்க. கடிதம் நாலு பக்கம், சுருக்கித் தர்றேன்:

"ரெண்டு வருஷமா கன்னமும் மூக்கும் திகுதிகுன்னு எரியுது. அடுப்புப் பக்கம் நின்னா இன்னும் அதிகம். சின்னச் சின்ன கொப்புளமும் வருது. பருன்னு நினைச்சு மெடிக்கல் ஷாப்புல கேட்டு ஒரு க்ரீம் போட்டேன், முதல்ல பளபளன்னு ஆச்சு, நிறுத்துனதும் முன்னைவிட மோசமா வந்துச்சு. போன மாசம் தோல் டாக்டர்கிட்ட போனேன், ரோசேசியான்னு சொல்லி டாக்ஸிசைக்ளின் 100 மி.கி கேப்ஸ்யூல் ராத்திரி ஒண்ணு, ஆறு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தாங்க. மெஸ்ஸை மூடிட்டு பதினொன்றரைக்குப் படுக்கப் போறப்ப ஒரு மடக்கு தண்ணியோட போட்டுக்குவேன். பன்னெண்டாவது நாள் நடுராத்திரி நெஞ்சு நடுவுல கத்தி வச்சு அறுத்த மாதிரி வலி. ஹார்ட் அட்டாக்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். ஈசிஜி, ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், கேஸ்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இன்னைக்கோட அஞ்சு நாள் ஆச்சு, தண்ணி முழுங்குனாகூட வலிக்குது. மாத்திரையை நானே நிறுத்திட்டேன். ஆன்டிபயாட்டிக்கை மாசக்கணக்குல சாப்பிட்டா கிட்னி போயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. திரும்ப ஆரம்பிக்கலாமா? ரத்தம் கம்மின்னு காலையில இரும்புச்சத்து மாத்திரை, மத்தியானம் கால்சியம் மாத்திரையும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அக்கா, முதல்ல ஒரு விஷயம், நெஞ்சு வலின்னதும் கேஸா இருக்கும்னு படுத்துக் கிடக்காம ஓடிப்போய் ஈசிஜி எடுத்தீங்க பாருங்க, அதுதான் சரி. இதைப் படிக்கிற யாரும் "ஓ, மாத்திரையாலகூட நெஞ்சு வலி வருமாமே"ன்னு வீட்டுலயே இருந்துடாதீங்க. 46 வயசுல நடுராத்திரி நெஞ்சு வலின்னா முதல் சந்தேகம் இதயம்தான், அது இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் மத்ததெல்லாம்.

உங்க விஷயத்துல "மத்தது" என்னன்னு நீங்களே ஒரு வரியில எழுதிட்டீங்க. பதினொன்றரை மணி, ஒரு மடக்கு தண்ணி, உடனே படுக்கை. நான் நேர்ல பார்க்காம இதுதான்னு அடிச்சுச் சொல்லக்கூடாது, ஆனா நூத்துக்குத் தொண்ணூறு எனக்கு வர்ற சந்தேகம், அந்த கேப்ஸ்யூல் உங்க வயித்துக்கே போய்ச் சேரல, வழியில உணவுக்குழாய்ல ஒட்டிக்கிச்சு. இந்த கேப்ஸ்யூலோட மேல் ஓடு ஜெலட்டின், ஈரம் பட்டா பசை மாதிரி ஆயிடும். வேணும்னா ஒரு கேப்ஸ்யூலை உள்ளங்கையில வச்சு ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல கையோட ஒட்டிக்கும், கையைக் கவுத்தாலும் சட்டுனு விழாது. உணவுக்குழாய் உள்ளயும் அதேதான். அதுலயும் நெஞ்சுக்கு நடுவுல, பெரிய ரத்தக்குழாய் வளைஞ்சு போற எடத்துல அந்தக் குழாய் லேசா அழுந்தியிருக்கும், மாத்திரை அங்கதான் அடிக்கடி சிக்கும். டாக்ஸிசைக்ளின் கரையுறப்ப நல்ல புளிப்பு, அதாவது ஆசிட். வயித்துக்கு ஆசிட் பழக்கம், உணவுக்குழாய்க்குப் பழக்கமே கிடையாது. ராத்திரி பூரா ஒரே எடத்துல அது உட்கார்ந்திருந்தா புண்ணு வராம என்ன வரும், தூங்குறப்ப நாம எச்சில் முழுங்குறதும் கம்மி, அதனால அதைக் கீழ தள்ளிவிட ஒண்ணும் இல்ல.

இதை நான் புத்தகத்துல மட்டும் படிச்சு சொல்லல. 2015 டிசம்பர் வெள்ளத்தப்ப சென்னையில கேம்ப் டியூட்டி பார்த்துக்கிட்டு இருந்தேன், இடுப்பளவு தண்ணியில நடக்குறோமேன்னு எலிக்காய்ச்சல் வராம இருக்க வாரத்துக்கு ஒரு தடவை இதே மாத்திரை 200 மி.கி போட்டுக்குவோம். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து, குடிக்கத் தண்ணி கேன் காலி, யாரை எழுப்புறதுன்னு சும்மா எச்சில்ல முழுங்கிட்டு படுத்துட்டேன். அடுத்த மூணு நாள் இட்லி ஒரு விள்ளல் உள்ள போக நான் பட்ட பாடு இருக்கே. அன்னைக்குக் காலைல வரைக்கும் ஊருக்கெல்லாம் "தண்ணி நிறைய குடிச்சு முழுங்குங்க"ன்னு மாத்திரை கொடுத்த ஆளு நான்தான். அதனால உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது.

இப்ப என்ன பண்ணணும். மாத்திரையை நிறுத்துனது சரி, முழுங்குற வலி போற வரைக்கும் நிறுத்தியே வைங்க, ரோசேசியா ஒண்ணும் பத்து நாள்ல ஓடிப்போற நோயும் இல்ல, பத்து நாள்ல முத்திப்போற நோயும் இல்ல. ஆனா நிறுத்துனதை எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லணும், நாளைக்கே போன் பண்ணுங்க. இந்த மாதிரி புண்ணு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா ஆறிடும், அதுவரைக்கும் ஆசிட் குறைக்கிற மாத்திரை கொடுப்பாங்க, சாப்பாடு ஆறுனதா, குழைவா, காரம் புளி இல்லாம. மோர் சாதம் போதும். சில பேருக்குப் புண்ணு மேல பூசின மாதிரி படியுற சுக்ரால்ஃபேட் சிரப்பும் எழுதுவாங்க, நல்ல மருந்துதான், ஆனா அதுல அலுமினியம் இருக்கு, அது டாக்ஸிசைக்ளினைப் பிடிச்சு வச்சுக்கும், அதனால அந்த சிரப் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே இந்த கேப்ஸ்யூலை ஆரம்பிச்சா போட்டும் போடாத கணக்குதான். எச்சில்கூட முழுங்க முடியல, வாந்தியில ரத்தம், தார் மாதிரி கறுப்பா மலம், இதுல எது வந்தாலும் அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க. நீங்க இரும்பு மாத்திரை போடுறதால மலம் சாதாரணமாவே கறுப்பாத்தான் இருக்கும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க, பிசுபிசுன்னு தார் மாதிரி, வழக்கமில்லாத நாத்தத்தோட இருந்தாத்தான் கவலை. ரெண்டு வாரம் தாண்டியும் வலி இருந்தா எண்டோஸ்கோப்பி பார்த்துடுறது நல்லது.

திரும்ப ஆரம்பிக்கலாமான்னா, என் கருத்து, ஆரம்பிக்கலாம், ஆனா இதே மாதிரி இல்ல. முடிவு உங்க டாக்டரோடது, அவங்க முகத்தைப் பார்த்திருக்காங்க, நான் பார்க்கல. கொப்புளம் கொஞ்சம்தான்னா மாத்திரையே வேண்டாம், ஐவர்மெக்டின் க்ரீமோ மெட்ரோனிடசோல் ஜெல்லோ போதும்னு அவங்க சொல்லலாம், அப்படிச் சொன்னா சந்தோஷமா ஒத்துக்கங்க. நிறைய இருந்தாத்தான் வாய்வழி மருந்து.

அந்த மருந்தைப் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா பக்கத்து வீட்டுப் பேச்சுக்குப் பதில் இதுல இருக்கு. டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாட்டிக்தான், ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் நம்ம ஊர்ல உயிர் காக்குற மருந்தே இதுதான். டெட்ராசைக்ளின்ங்கிற இந்த மருந்துக் குடும்பத்துல முதல்ல வந்த ஆரியோமைசின் 1948-ல வெளியானது, அதைக் கண்டுபிடிச்ச அமெரிக்க ஆய்வகத்துல ஆராய்ச்சிக்குத் தலைமையா இருந்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர். (காந்தி சொன்னார்னு கதர் கோட் போட்டு வகுப்புக்குப் போய் வெள்ளைக்கார புரொஃபசர் கோபத்துக்கு ஆளானவர், எனக்கு இவர் கதைன்னா சோறு தண்ணி வேண்டாம், விடுங்க.) ஆனா ரோசேசியாவுக்கு இதைக் கொடுக்குறது கிருமியைக் கொல்ல இல்ல. நம்ம தோல்ல கேதலிசிடின்னு ஒரு புரதம், காவல்காரன் மாதிரி, கிருமி வந்தா சத்தம் போடும். ரோசேசியா உள்ளவங்க தோல்ல அந்தக் காவல்காரன் ஒண்ணுமே இல்லாததுக்கெல்லாம் கத்துறான், அடுப்புச் சூடு பட்டா கத்துறான், வெயில் பட்டா கத்துறான், அதுலதான் இந்த எரிச்சலும் கொப்புளமும். அந்தப் புரதத்தை முடுக்கிவிடுற வேலையைத்தான் டாக்ஸிசைக்ளின் அடக்குது. இதுக்குக் கிருமியைக் கொல்ற அளவுக்கு டோஸ் தேவையே இல்ல. அதனாலதான் 2006-ல அமெரிக்காவுல ரோசேசியாவுக்குன்னே 40 மி.கி கேப்ஸ்யூல் ஒண்ணுக்கு அனுமதி கொடுத்தாங்க, அதுல 30 மி.கி உடனே கரையும், 10 மி.கி மெதுவா கரையும், நாளைக்கு ஒண்ணு, காலையில வெறும் வயித்துல. கிருமிகளுக்கு எதிர்ப்பு சக்தி வளர்ந்துடுமோங்கிற கவலையும் அதுல கம்மி. நம்ம ஊர் ஃபார்மசியில சுலபமா கைக்கு வர்றது 100 மி.கி, அதான் பல டாக்டர்கள் அதையே குறைஞ்ச நாளைக்கு எழுதுறாங்க. 40 கிடைக்குமா, எனக்குச் சரிவருமான்னு உங்க டாக்டரைக் கேளுங்க. நீங்களா 100-ஐப் பிரிச்சு பொடியைப் பாதி கொட்டி 40 ஆக்குற வேலை மட்டும் வேண்டாம், அந்தப் பொடி தொண்டையில பட்டா இப்ப இருக்குற புண்ணு போதாதுன்னு இன்னொண்ணு வரும்.

கிட்னிக்கு வர்றேன். இதே குடும்பத்துல இருக்குற மத்த சில மருந்துகளை கிட்னி வீக்கா உள்ளவங்களுக்குக் கொடுக்க யோசிப்போம், டாக்ஸிசைக்ளின் குடல் வழியாவும் வெளியேறிடும், அதனால கிட்னி நோயாளிக்கே இந்தக் கூட்டத்துல ஒண்ணு கொடுக்கணும்னா இதைத்தான் எடுப்போம். பக்கத்து வீட்டுப் பேச்சுக்கு எங்கயோ ஒரு வேர் இருக்குன்னு வச்சுக்கங்க, அந்தக் காலத்துல காலாவதியான டெட்ராசைக்ளின் சாப்பிட்டு கிட்னி கெட்டவங்க உண்டு. அதனால தேதி பாருங்க, போன வருஷம் யாருக்கோ காய்ச்சலுக்கு வாங்கி மீந்த அட்டையை எடுத்துப் போடாதீங்க. அட்டையை மெஸ் அடுப்பு மேல இருக்குற செல்ஃப்ல வைக்காதீங்க, சூடும் ஆவியும் இல்லாத பீரோவுல வைங்க.

இப்ப உங்க சீட்டு. சீட்டுல 0-0-1-ன்னு போட்டிருப்பாங்க, ராத்திரி ஒண்ணுன்னு. டாக்டர் நினைச்சது எட்டு மணிக்குச் சாப்பிட்டதும் போட்டுட்டு பத்து மணிக்குப் படுக்குற ஒரு ராத்திரி, உங்க ராத்திரி பதினொன்றரைக்குத்தான் ஆரம்பிக்குது, அது அவங்களுக்குத் தெரியாது, நாங்களும் கேக்குறதில்ல, எங்க தப்புதான். போன்ல பேசுறப்ப "எனக்கு இதை 1-0-0 ஆக்கித் தர்றீங்களா"ன்னு கேளுங்க. நாலரைக்கு எந்திரிக்கிற ஆளு நீங்க, எட்டு மணி வாக்குல மெஸ் கூட்டம் கொஞ்சம் அடங்குனதும் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு, ஒரு பெரிய டம்ளர் நிறைய சாதாத் தண்ணி, 200 மில்லிக்குக் குறையாம. முதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சு தொண்டையை நனைச்சுக்கங்க, அப்புறம் கேப்ஸ்யூல், அப்புறம் மிச்சத் தண்ணி முழுசும். அதுக்கப்புறம் அரை மணி நேரமாவது உட்காரணும் இல்ல நிக்கணும், சாயக்கூடாது, ஒரு மணி நேரம்னா இன்னும் நல்லது. உங்களுக்கு அந்த நேரத்துல உட்காரவே நேரம் கிடைக்காதுன்னு தெரியும், இந்த ஒரு விஷயத்துல அது நல்லதுக்கு. (40 மி.கி கேப்ஸ்யூல்னு மாத்துனா கணக்கு வேற, அது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்ல ரெண்டு மணி நேரம் பின்னாடி.)

பில்டர் காபியோட முழுங்காதீங்க. பால்ல இருக்குற கால்சியம் இந்த மருந்தை வயித்துலயே பிடிச்சு நிறுத்திடும், டாக்ஸிசைக்ளின் விஷயத்துல அந்த நஷ்டம் இந்தக் குடும்பத்துல மத்ததுங்க அளவுக்குப் பெருசு இல்லதான், இருந்தாலும் எதுக்கு நஷ்டம். காபி ரெண்டு மணி நேரம் கழிச்சு. அதுவும் ஆத்திக் குடிங்க, ஆவி பறக்கக் குடிச்சா ரோசேசியா முகம் குப்புன்னு சிவக்கும், அது காபித்தூள் பண்ற வேலை இல்ல, சூடு பண்றது.

பெரிய வில்லன் அந்த இரும்பு மாத்திரை. இரும்பும் டாக்ஸிசைக்ளினும் வயித்துல சந்திச்சா ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டும் உடம்புல சேராம வெளியேறிடும், ரத்தமும் ஏறாது, முகமும் ஆறாது. டாக்ஸிசைக்ளின் ஒரு தடவை ரத்தத்துல கலந்த பிறகும் பித்தத்தோட திரும்பவும் குடலுக்கு வந்துட்டுப் போற மருந்து, அதனால ரெண்டு மூணு மணி நேர இடைவெளிகூட இரும்புக்கு முழுசா பத்தாது. கேப்ஸ்யூலைக் காலைக்கு மாத்துனீங்கன்னா இரும்பை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்க, இல்ல இந்தக் கொஞ்ச வாரம் இரும்பை நிறுத்தி வைக்கலாமான்னு அதை எழுதுன டாக்டரைக் கேளுங்க. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோட இருக்கட்டும், தொந்தரவு இல்ல. நெஞ்செரிச்சலுக்கு கடையில வாங்கி மெல்லுற, குடிக்கிற ஆன்டாசிட் எதுவானாலும் அதே கதை, கேப்ஸ்யூல் பக்கத்துல வரக்கூடாது. ரத்தத்தை இளக்குற வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் மாதிரி ஏதாவது சாப்பிடுறீங்களான்னு கடிதத்துல எழுதல, இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். முகத்துக்குன்னு வேற யாராவது ஐசோட்ரெடினோயின் எழுதிக் கொடுத்திருந்தா இது ரெண்டும் ஒண்ணா கூடவே கூடாது, மூளையைச் சுத்தி அழுத்தம் ஏறும். டாக்ஸிசைக்ளின் தனியாவே அரிதா அதைப் பண்ணும், விடாத தலைவலியோட பார்வை மங்குச்சுன்னா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டர்.

ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டா போடாதீங்க. தண்ணி மாதிரி பேதி நிக்காம போச்சுன்னா, கீழ அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்துச்சுன்னா சொல்லுங்க, ரெண்டும் இந்த மருந்தோட தெரிஞ்ச சேட்டைங்கதான். 46-ல மாதவிலக்கு தள்ளிப்போச்சுன்னா மெனோபாஸ்னு விட்டுடாம ஒரு டெஸ்ட் பண்ணிக்கங்க, கர்ப்பத்துல இந்த மருந்து கூடாது, குழந்தையோட பல்லுல கறை விழும். சிரிக்காதீங்க, 46-லயும் பார்த்திருக்கோம்.

வெயில். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுறவங்க தோல் வெயிலுக்குச் சீக்கிரம் பொசுங்கும், நம்ம நிறத்துக்கு சன்பர்ன் வராதுங்கிறதெல்லாம் சும்மா, மதுரை வெயில் நிறம் பார்க்காது. காலையில மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்கப் போறப்ப குடை, அதோட எஸ்.பி.எஃப் 30-க்கு மேல ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்க்ரீன், அது ரோசேசியா முகத்துல எரியாது. அடுப்புக்கு முன்னாடி டேபிள் ஃபேன் ஒண்ணு உங்க முகத்தைப் பார்த்து வைங்க, தோசைக்கல்லு வேலையை முடிஞ்சா மாத்தி மாத்திப் பாருங்க. எந்த மாத்திரையும் அந்தச் சூட்டோட மல்லுக்கட்டி ஜெயிக்காது.

மெடிக்கல் ஷாப் க்ரீம் பேரை நீங்க எழுதல, ஆனா போட்டா பளபள, நிறுத்துனா மோசம்னாலே அது ஸ்டீராய்டு. அதுவே ரோசேசியாவைக் கிளப்பிவிடும். 2018-லயே இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு சட்டம் போட்டாச்சு, இருந்தும் மங்குக்கு, பருவுக்கு, கலருக்குன்னு கேட்டா கை நீட்டிக் கொடுக்குறாங்க. அந்த ட்யூபைத் தூக்கிப் போடாம டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. அதை விட்ட முதல் சில வாரம் முகம் சிவந்து எரியும், அதை மாத்திரை கேக்கலன்னு தப்பா கணக்குப் போடாதீங்க. மாத்திரையும் பன்னெண்டு நாள்ல பலன் காட்டாது, கொப்புளம் குறையவே மூணு நாலு வாரம் ஆகும், ஒரு கோர்ஸ் ரெண்டு மூணு மாசம்கூட போகும், அப்புறம் மாத்திரையை நிறுத்திட்டு க்ரீமோட ஓட்டுவோம். இன்னொண்ணு, கொப்புளத்துக்குத்தான் இந்த மருந்து நல்லா வேலை செய்யும், சிவப்பும் குப்புன்னு ஏறுற சூடும் அந்த அளவுக்குக் குறையாது.

கடைசியா, கடிதத்துல கையெழுத்துக்குக் கீழ பொடி எழுத்துல "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, அது வெங்காயம் உரிக்கிறதால இருக்கும்"னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. வெங்காயம்னா ஒரு மணி நேரத்துல போயிடணும் அக்கா. ரோசேசியா கண்ணுக்கும் வரும், இமை ஓரம் சிவந்து, காலையில பொருக்கு கட்டி, உறுத்தும், காயும், அடிக்கடி கண் கட்டி வரும். அது இருந்தா டாக்டரோட கணக்கே மாறிடும், க்ரீம் போதும்னு நினைச்சவங்ககூட மாத்திரைக்கு வந்துடுவாங்க, ஏன்னா முகத்துல தடவுற க்ரீம் கண்ணுக்குப் போகாது, டாக்ஸிசைக்ளின் கேக்கும். நாளைக்குப் போன் பண்றப்ப நெஞ்சு வலியைச் சொன்ன கையோட இதையும் சொல்லுங்க, இந்த வாரமே ஒரு கண் டாக்டரைப் பாருங்க, வெளிச்சம் பார்த்தா கூசுது, வலிக்குதுன்னா வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்னைக்கே போங்க.